அவர் நிறுத்தி வைத்த பகிடி

பகிடி விளங்காத வெட்கத்தில்தான் என் கணவர் அந்தச் சனலை எடுத்தார். பிக்கரிங்கில் காருக்குப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. திங்கட்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் அவரோடு வேலை செய்கிறவர்கள், வெள்ளிக்கிழமை ரிவியில் வந்த ஆங்கிலப் பேச்சு நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம். இவர் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பாராம்.

"எல்லாரும் சிரிச்சு முடியத்தான் நான் துவங்கிறன். பக்கத்திலை இருக்கிறவன் திரும்பிப் பாக்கிறான்," என்று ஒருநாள் சொன்னார். சொல்லும்போது அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அடுத்த கிழமையே கேபிள் கம்பனிக்குப் போன் எடுத்து, மற்றச் சனல்களுக்கு மேலே தனியாகக் காசு கட்டிப் பார்க்கிற சனல் ஒன்றை வாங்கிவிட்டார். அதில் விளம்பரம் கிடையாது. கெட்ட சொல்லுக்கும் தூசணத்துக்கும் தடையும் கிடையாது.

"தூசணம் கேக்கிறதுக்கு மாசாமாசம் காசு கட்டிற ஒரே தமிழன் நீங்கள்தான்," என்றேன்.

"உது தூசணம் இல்லையப்பா, அரசியல்," என்றார்.

நிகழ்ச்சி வெள்ளி இரவு போகும். அந்த நேரம் மனுசன் வேலையால் வந்து குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். ஆகவே கேபிள் கம்பனி தந்த பெட்டி அதைத் தானாகப் பதிந்து வைக்கும். சனிக்கிழமை காலை எண்ணெய் வைத்து முழுகிவிட்டு, நெற்றியில் திருநீறும் கையில் தேத்தண்ணியுமாகப் பேஸ்மென்றுக்கு இறங்கிவிடுவார். நான் மேலே குசினியில் மரக்கறிச் சமையல். மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டில் இருபது வருடமாகச் சனிக்கிழமை இப்படித்தான் போனது.

அவர் பகிடி கேட்கிற விதம் எனக்கு மனப்பாடம். செற்றிக் கதிரையின் நுனிக்கு வந்து, தலையை ஒரு பக்கம் சரித்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருப்பார். ஒரு சொல்லைத் தவறவிட்டால் முழுப் பகிடியும் போய்விடும் என்ற பயம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. நிகழ்ச்சியை நடத்துகிற அந்தக் கோட்டுப் போட்ட மனிதர் சொல்லி முடிக்க வேண்டும், சபையில் இருக்கிற சனம் சிரிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இவர் 'ஹா' என்று ஒரு பெரிய சத்தம் போடுவார். இருமலும் ஏப்பமும் சேர்ந்த மாதிரி ஒரு சத்தம். உடனே ரிமோட்டை அமத்தி ரிவியை நிறுத்துவார். நிறுத்திவிட்டு மேலே பார்த்துக் கூப்பிடுவார்.

"இஞ்சை வாரும் ஒருக்கா. இதைக் கேளும்."

நான் கரண்டியோடு படியில் நின்று கேட்க வேண்டும். அவர் அதைத் தமிழில் சொல்லுவார். பகிடியில் வருகிற மந்திரி யார், அவர் போன கிழமை என்ன செய்தவர், அந்தச் சொல்லுக்கு ரோட்டில் என்ன அர்த்தம் என்று விளக்கம் கொடுத்து வருவதற்குள் பகிடி செத்துப்போகும். ஆனால் அவர் சொல்ல முதலே சிரிக்கத் தொடங்கிவிடுவார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "முடிஞ்சுதோ? அடுப்பிலை கறி இருக்கு," என்பேன். அதற்கும் சிரிப்பார். எனக்கு அந்தப் பகிடிகளில் ஒன்றும் நினைவில்லை. படியில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்த அந்த முகம் நினைவிருக்கிறது.

அன்றைக்கும் சனிக்கிழமைதான். மகள் விட்பியில் இருந்து போன் எடுத்திருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு, அரிசி கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தேன். அவளுடைய ஒபிஸில் யாரோ அவளுடைய வேலையைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டார்களாம். கோபத்தில் பேசிக்கொண்டிருந்தாள். கீழே இருந்து அந்தச் சத்தம் வந்தது. 'ஹா' என்று ஒன்று. வழக்கத்தை விடக் கொஞ்சம் நீளம். அதோடு ரிவியின் சத்தமும் நின்றுவிட்டது.

மகளுக்கும் அது போனில் கேட்டது. "வட் வோஸ் தட்?" என்றாள்.

"கொப்பாதான். பேய்ச் சிரிப்பு ஒண்டு சிரிக்கிறார். இனிக் கூப்பிடப் போறார், நான் போய்ப் பகிடி கேக்கவேணும்."

"விடுங்கோ அம்மா, ஹீ'ஸ் ஹப்பி. கூப்பிட்டால் போங்கோ. முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ," என்றாள் அவள்.

கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. அவள் தன் கதையைச் சொல்லி முடித்தாள். சோறு வெந்தது. பருப்பை இறக்கி, சொதியும் கொதித்த பிறகுதான், என்ன இந்த மனுசன் இன்னும் கூப்பிடவில்லை என்று இறங்கிப் போனேன்.

அவர் செற்றியில் சரிந்து கிடந்தார். ரிமோட் கைக்குள்ளேயே இருந்தது. ரிவியில் அந்தக் கோட்டுக்காரர் ஒரு கையை உயர்த்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி, அப்படியே நின்றார். என் கண் அவரைப் பார்த்ததா, என் மனுசனைப் பார்த்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கத்தினேன். அம்புலன்ஸ் வந்தது. அவர்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்தத் திறந்த வாய் எங்களுக்கு மேலே நின்றது. யாரோ கடைசியில் ரிவியை அணைத்தார்கள்.

மாரடைப்பு என்றார்கள். கொஞ்சம் முந்திக் கண்டிருந்தால் என்று நான் இழுத்தேன். டாக்டர் பிள்ளை நல்ல பிள்ளை, என் கையைப் பிடித்துக்கொண்டு, அநேகமாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொன்னாள். அந்த 'அநேகமாக' என்ற சொல்லோடு நாங்கள் வீட்டுக்கு வந்தோம். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மகளுக்கு அதைவிட மோசம். விடுங்கோ அம்மா என்று சொன்னது அவள் அல்லவா.

செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை ரிவி போடுவதில்லை. பாட்டு, படம் ஒன்றும் கிடையாது. சனம் வரும், இருக்கும், தேத்தண்ணி குடிக்கும், போகும். அவருடைய தமக்கை, என் மச்சாள், என்னோடு வந்து நின்றார். முதல் வெள்ளிக்கிழமை, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு இரண்டு பேரும் பேஸ்மென்றில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ரிவிக்குக் கீழே இருந்த பெட்டி மெல்ல இரைந்தது. முகப்பில் சிவப்பு லைற் பத்தியது.

"உது என்ன, எரியுது? ரிவி போடக்கூடாதெல்லே," என்றார் மச்சாள்.

"ரிவி போடேல்லை மச்சாள். அது பதியுது."

"ஆர் பாக்க?"

என் மனுசன் சொல்லி வைத்த வேலையை அது செய்துகொண்டிருந்தது. அவர் இல்லை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. மச்சாள் குனிந்து வயரைப் பிடித்தார், பிடுங்கிவிட. நான் போட்ட சத்தத்தில் அவர் கையை எடுத்துவிட்டார். "தொடாதேங்கோ. அதுக்குள்ளை அவர் நிப்பாட்டின இடம் இருக்கு," என்றேன். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். அன்றைக்கு அது கொஞ்சம் உண்மையும்தான்.

நான் சொன்னது பொய்யில்லை. அந்தப் பெட்டியில் ஒரு நிகழ்ச்சியைப் பாதியில் விட்டால், விட்ட இடத்தை அது ஞாபகம் வைத்திருக்கும். திரும்பப் போட்டால் அங்கேயிருந்து தொடங்கட்டுமா என்று கேட்கும். அவருடைய சத்தத்துக்கும் ரிவி நின்றதற்கும் இடையில் ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. ஆகவே அந்த இடத்துக்கு முன்னால் ஒரு பகிடி இருந்தால், சனம் சிரித்திருந்தால், நாங்கள் கேட்டது சிரிப்பு. மனுசன் சந்தோசமாகத்தான் போனார். இல்லையென்றால் அது சிரிப்பில்லை.

அந்த நாட்களில் சிரிப்பு என்ற சத்தமே எனக்குப் பகையாகிவிட்டது. நான் வயோதிபர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை செய்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது 'ஹா' என்றால், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். அங்கே ஒரு கிழவி சீட்டு விளையாடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பாள். "வட் ஹப்பன்ட், டியர்?" என்பாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வருவேன். பஸ்ஸில் போனைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகளின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். சுவருக்கு அப்பால் இருந்து கேட்டால் சிரிப்பும் முனகலும் ஒன்றுதான். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

மகள் இங்கே வருவதை விட்டுவிட்டாள். வந்தாலும் படிக்குக் கிட்டப் போகமாட்டாள். வேலைக்கு லீவு போட்டாள். போன் மட்டும் எடுப்பாள். எடுத்தால் இதைத்தான் கேட்பாள்.

"அது சிரிப்புத்தானே அம்மா?"

"ஓம் பிள்ளை."

"ஷுவரா?"

"நீயும் கேட்டனிதானே."

"கேட்டனான். அதுதான் கேக்கிறன்."

ஒவ்வொரு நாளும் இதே கதைதான். அவள் நித்திரை கொள்வதில்லை என்று குரலிலேயே தெரிந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவளுடைய குரல் அப்படித்தான் தேயும். எனக்கு அவர் போன துக்கத்தை விட, இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்ற பயம் பெரிதாக வந்தது.

அந்தியேட்டி முடிந்தது. இனி ரிவி போடலாம். நான் போடவில்லை. பெட்டி வெள்ளிக்கு வெள்ளி பதிந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. அது நிறைந்தால் என்ன ஆகும்? கேபிள் கம்பனிக்குப் போன் எடுத்தேன். அந்தப் பக்கம் இருந்த பெடியன் மரியாதையாகத்தான் பேசினான். அக்கவுண்ட் அவருடைய பெயரில் இருப்பதால் அவரோடு பேச வேண்டுமாம்.

"அவரோடை கதைக்க ஏலுமெண்டால் நான் ஏன் தம்பி உனக்கு எடுக்கிறன்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில் விசயத்தைச் சொன்னேன். மிகவும் மன்னிப்புக் கேட்டான். பெட்டி நிறைந்தால் பழையவற்றில் இருந்து ஒவ்வொன்றாகத் தானே அழித்துவிடும் என்றான். அது எப்போது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிக்குள் இருக்கும் இடத்தைப் பற்றி அவளுக்கு அதுவரை தெரியாது.

"நீங்கள் பாருங்கோ அம்மா," என்றாள். "எனக்கு ஏலாது. ஐ கான்ட். நீங்கள் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்கோ. சிரிப்பெண்டால் சிரிப்பு. இல்லையெண்டால்... இல்லையெண்டாலும் சொல்லுங்கோ."

சனிக்கிழமை முழுகினேன். ஏன் முழுகினேன் என்று தெரியாது. சமைக்கவில்லை. பேஸ்மென்றுக்குப் போய் அவருடைய செற்றியில் இருக்க மனம் வராமல் நிலத்தில் இருந்தேன். பெட்டியில் பதிந்தவை வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் கீழே அந்த நாளுடையது. எங்கேயிருந்து தொடங்கட்டும் என்று கேட்டது. விட்ட இடத்தில் இருந்து என்று அமத்தி, உடனே நிறுத்தினேன்.

அந்தத் திறந்த வாய் வந்து நின்றது. உயர்த்திய கை.

கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோனேன். மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். ஒரு பெண், சின்ன ஊர்களில் ஆஸ்பத்திரிகளை மூடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு வேலைக்குப் போதுமான ஆங்கிலம் இருக்கிறது, பகிடிக்குப் போதாது. ஆனால் சனம் சிரிக்கிறது யாருக்கும் விளங்கும். அங்கே சனம் சிரிக்கவில்லை. ஒரு செருமல்கூட இல்லை. அவள் பேசி முடித்தாள். கோட்டுக்காரர் தலையை ஆட்டினார். பிறகு எங்களைப் பார்க்கத் திரும்பினார், ஏதோ ஒரு கேள்வி கேட்டார், கையை உயர்த்தினார், வாயைத் திறந்தார். அதுதான் அவர் நிறுத்திய இடம். அந்த வாயில் இருந்து பகிடி இன்னும் வரவில்லை.

தொடர விட்டேன். ஒரு வசனம் சொன்னார். சனம் கொட்டகை அதிரச் சிரித்தது. கை தட்டினார்கள். அந்தச் சிரிப்பு முழுக்க என் மனுசனுக்குப் பிறகு வந்தது.

திரும்பவும் பின்னுக்குப் போனேன். இன்னும் பின்னுக்குப் போனேன். ஒரு சின்னச் சிரிப்பாவது இருக்கட்டும், பிள்ளையாரே, ஒரே ஒருவர் சிரித்தாலும் போதும் என்று கும்பிட்டுக்கொண்டே தேடினேன். ஆஸ்பத்திரிதான் வந்தது, திரும்பத் திரும்ப. சொல்ல முதலே சிரிக்கிற மனுசன்தானே என்று எனக்கு நானே வழக்காடினேன். அது எனக்குச் சொல்லும்போது. கேட்கும்போது அவர் வாயை இறுக்கிக்கொண்டு காத்திருப்பார். முன்கூட்டிச் சிரிக்க அவருக்கு என்றைக்கும் துணிவு வந்ததில்லை.

நிறுத்தினது என்னைக் கூப்பிடத்தான். ரிவிச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நிறுத்தியிருக்கிறார். கூப்பிட மூச்சு வரவில்லை. நான் மேலே, கூப்பிடட்டும் போவோம் என்று அரிசி கழுவிக்கொண்டு நின்றேன். நிலத்தில் கிடந்து அழுதேன். அவர் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

போன் அடித்தது. மகள். அவளால் பொறுக்க முடியவில்லை.

"பாத்திட்டீங்களா?"

"ஓம்."

"அம்மா, அழுறீங்களா? அப்ப... அது..."

அவளுடைய மூச்சு எனக்குக் கேட்டது. அதைக் கேட்டதும் என் வாய் தானாகத் திறந்தது.

"சிரிப்புத்தான் பிள்ளை. நல்ல பகிடி. சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. அது முடியக் கொப்பா சிரிச்சிருக்கிறார், நிப்பாட்டியிருக்கிறார். எனக்குச் சொல்லத்தான்."

அவள் அழத் தொடங்கினாள். வேறு மாதிரி அழுகை, சின்னப் பிள்ளை நித்திரைக்குப் போக முதல் அழுகிற அழுகை. "என்ன பகிடி அம்மா?" என்றாள் நடுவில்.

"எனக்கு உந்தப் பகிடியள் எங்கை விளங்குது? ஆரோ மந்திரியாம்."

அழுகைக்குள் அவள் சிரித்தாள். அத்தனை நாளைக்குப் பிறகு முதல் சிரிப்பு. "நான் நாளைக்கு வாறன். ரெண்டு பேருமாப் பாப்பம். ஐ வோன்ட் டு ஹியர் இட்," என்றாள்.

"வா," என்றேன்.

போனை வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்தேன். இதை நிச்சயமாக அழிக்கவா என்று பெட்டி கேட்டது. ஒரு மாதத்துக்கு மேலாக யாரையும் தொடவிடாமல் காத்த இடம். அவர் என்னைக் கூப்பிட்ட கடைசிச் சாட்சியும் அது ஒன்றுதான். ஓம் என்று அமத்தினேன்.

அடுத்த நாள் அவள் வந்து, வரிசையை மேலும் கீழும் தேடினாள். பெட்டி நிறைந்து தானாக அழித்துவிட்டது என்றேன், கம்பனிப் பெடியன் சொன்னவன்தானே என்றேன். கொஞ்ச நேரம் முகம் வாடி நின்றாள். பிறகு பரவாயில்லை, நீங்கள் பார்த்துவிட்டீர்கள்தானே என்று சொல்லி, அவருடைய செற்றியிலேயே காலை மடக்கிக்கொண்டு படுத்தாள். பின்னேரம் வரை எழும்பவில்லை. நான் பக்கத்தில் இருந்து அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருடம் முடிய வந்த ஆட்டைத் திவசத்துக்கு வீடு நிறையச் சனம். ஐயர் போன பிறகு எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் வடைத் தட்டோடு நடுவில் நின்று, அப்பா எப்படிப் போனவர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பகிடி ஒன்றைக் கேட்டாராம், பெரிதாகச் சிரித்தாராம், அம்மாவுக்குச் சொல்லவென்று ரிவியை நிறுத்தினாராம், அப்படியே போய்விட்டாராம். அவள் நன்றாகச் சொன்னாள். தகப்பனைப் போல இடையில் நிறுத்தி, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்குக் கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது.

"சிரிச்சுக்கொண்டு போறதெண்டால் குடுத்துவைக்கவேணும்," என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மச்சாள் தன் இலையில் இருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். தம்பியை நினைத்துக் கண் நிறைந்திருந்தது. "உமக்கும் கேட்டதோ அந்தச் சிரிப்பு?" என்றார்.

மகள் தட்டோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் மச்சாள்," என்றேன். "வடிவாக் கேட்டது."